மாப்பிள்ளை விமானத்துக்கு ஒரு ஸ்டெப்னி

ஒரு விமானத்துக்கு இரண்டாவது ஆல்டர்னேட்டர் தேவையா, தேவையென்றால் எத்தனை ஆம்பியர் என்ற கேள்வியில் எங்கள் குடும்பம் 2022ஆம் ஆண்டின் கோடை முழுவதையும் செலவழித்தது. விமானம் மாப்பிள்ளையுடையது. அவரே கட்டியது. இடம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரத்துக்கு வெளியே, இரண்டு கார்கள் நிற்க வேண்டிய ஒரு கராஜ். கார்கள் இரண்டும் மழையிலும் பனியிலும் தெருவில் நின்றன.

நான் போபாலில் ஓய்வு பெற்ற எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர். முப்பது வருடத்துக்கு மேல் ரயில் பெட்டிகளுக்கு அடியில் தொங்கும் ஆல்டர்னேட்டர்களோடுதான் என் பிழைப்பு. சக்கரத்தின் அச்சிலிருந்து வி-பெல்ட் போட்டுச் சுழற்றும் நாலரை கிலோவாட் ஆல்டர்னேட்டர், 110 வோல்ட் பேட்டரி வரிசை, அதற்கொரு ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர் பெட்டி. ஏ.சி. பெட்டி என்றால் 25 கிலோவாட்டில் இரண்டு. ஓடும் வண்டியில் கல் பட்டு பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விளக்குகள் பேட்டரியில் கொஞ்ச நேரம் எரியும், பிறகு மங்கும், அடுத்த பெரிய ஸ்டேஷனில் பயணிகள் சத்தம் போடுவார்கள். வண்டி மட்டும் தண்டவாளத்திலேயே இருக்கும். மாப்பிள்ளையின் வாகனத்துக்குத் தண்டவாளம் கிடையாது.

வீட்டில் விமானம் கட்டுவது என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரலாம். அமெரிக்காவில் அது சட்டப்படி நடக்கிற காரியம். பாதிக்கு மேற்பட்ட வேலையை, படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, தானே செய்தேன் என்று காட்டினால் போதும். அரசு பரிசோதித்து அனுமதி கொடுத்துவிடும். 1953இல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் இந்தக் கைத்தொழில் ஆர்வலர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். ஒவ்வொரு ஜூலையிலும் ஆஷ்காஷ் நகரில் அவர்களுடைய திருவிழா நடக்கிறது. ஆரகன் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம் தரும் ‘ஆர்.வி.’ வகைக் கிட்டுகளிலிருந்து மட்டும் 11,000க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன. மாப்பிள்ளையுடையது அதில் ஆர்.வி.-10. நான்கு இருக்கை, 260 குதிரைசக்தி லைகமிங் எஞ்சின், அலுமினியத் தகடும் ரிவிட்டும்.

நம் ஆட்களும் சளைத்தவர்கள் அல்ல. மும்பை காந்திவலியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய பைலட் அமோல் யாதவ் அதற்குப் பதிவு எண் வாங்க 2017 வரை போராட வேண்டியிருந்தது. கேரளத்தைச் சேர்ந்த எஞ்சினியர் அசோக் தாமராட்சன் கோவிட் ஊரடங்கு காலத்தில் இங்கிலாந்தில் ஒரு நான்கு இருக்கை விமானம் கட்டி, அதற்கு மகளின் பெயரையே வைத்தார். இந்தச் செய்திகளைப் படித்தபோதெல்லாம் “பரவாயில்லையே” என்று பக்கத்தைப் புரட்டியவன்தான் நானும். என் மகளும் ஆறு வயதுப் பேத்தியும் ஏறப்போகிற விமானம் என்றபோது அப்படிப் புரட்டிவிட்டுப் போக முடியவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். காரில் ஐந்து மணி நேரம். இந்த விமானத்தில் ஒன்றரை மணி. விமானம் கட்டத் தொடங்கியதற்கு அதுதான் காரணம் என்று மாப்பிள்ளை சொல்வார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பாதை மிஷிகன் ஏரியின் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. குளிர்காலத்தில் அந்த ஏரி மேகத்தையும் பனியையும் அள்ளி வீசும். பிரச்சினை அங்கேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட பழைய பாணி விமான எஞ்சினுக்கு ஓட மின்சாரமே வேண்டாம். மேக்னெட்டோ என்ற கருவி தன் தீப்பொறியைத் தானே தயாரித்துக்கொள்ளும், பழைய மோட்டார் சைக்கிளைப் போல. டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறந்த விமானத்திலும் இதே கதைதான். எஞ்சினைக் கிளப்ப மட்டும் தரையில் பேட்டரி. மேலே போனதும் மேக்னெட்டோ. வீட்டில் கட்டிய விமானங்களுக்கெல்லாம் மூத்தது அது என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்வார். ஊரே அந்தப் பெருமையில்தான் இருக்கிறது.

இப்போது நிலைமை வேறு. மாப்பிள்ளை இரண்டு மேக்னெட்டோவில் ஒன்றை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தார். டயல்களுக்குப் பதிலாகக் கண்ணாடித் திரை. உயரம், வேகம், விமானம் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா, எல்லாம் அந்தத் திரையில்தான். வெளியே ஒன்றும் தெரியாத மேகத்துக்குள் அந்தத் திரை அணைந்தால், எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதால் பெரிய பயன் இல்லை. ஆகவே ஆல்டர்னேட்டர் போனால் என்ன என்பது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. ஆல்டர்னேட்டர் போகக்கூடியதுதான். எஞ்சின் மூடிக்குள் சூடு, ஓயாத அதிர்வு. பெல்ட் அறும், கார்பன் பிரஷ் தேயும், டையோடு எரியும், பின்னால் போகும் மெல்லிய ஃபீல்டு ஒயர் லக்குக்குப் பக்கத்தில் ஒடியும். ரயிலில் பார்த்த அதே வியாதிகள்தான்.

சட்டம் இரண்டாவது ஆல்டர்னேட்டரைக் கேட்கவில்லை. அது கட்டுகிறவரின் விருப்பம்.

“இன்னொரு பேட்டரி வைத்தால் போச்சு” என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஏழு கிலோ பேட்டரி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு ஏழு கிலோவைச் சுமந்தாலும் அது தீர்ந்துபோகிற பொருள். வயதாக ஆக எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியே தெரியாது. பெட்ரோல் இருக்கும் வரை மின்சாரமும் இருக்க வேண்டும் என்பதே சரியான அளவுகோல் என்று எனக்குப் பட்டது. பாப் நக்கல்ஸ் என்கிற அமெரிக்க எஞ்சினியர் வீட்டு விமானங்களின் மின்சார அமைப்பு பற்றி எழுதிய ‘ஏரோ எலெக்ட்ரிக் கனெக்‌ஷன்’ என்ற புத்தகம் மாப்பிள்ளையின் மேஜையில் கிரீஸ் கறையோடு கிடந்தது. இரண்டு நாளில் முடித்தேன். மனிதர் நம்ம ஜாதி, அதாவது எலெக்ட்ரிக்கல் ஜாதி. எந்தப் பொருளும் ஒருநாள் பழுதாகும், அன்றைக்கு என்ன செய்வாய் என்பதை இன்றைக்கே தீர்மானித்துக்கொள் என்பதுதான் அவர் போக்கு.

லைகமிங் எஞ்சினின் பின்பக்கத்தில் வேக்குவம் பம்ப் பொருத்துவதற்கென ஓர் இடம் உண்டு. பழைய விமானங்களில் ஜைரோ கருவிகளைச் சுழற்ற அந்தப் பம்ப் வேண்டும். திரை வந்த பிறகு பம்புக்கு வேலையில்லை, இடம் காலி. எஞ்சினின் பல்சக்கரமே அங்கே வந்து நிற்பதால் பெல்ட் தேவையில்லை. பெல்ட் இல்லாத ஆல்டர்னேட்டர் என்றதும் என் வாயில் எச்சில் ஊறியது உண்மை. தண்டில் வேண்டுமென்றே மெலிதாக்கிய ஓர் இணைப்பு வைத்திருப்பார்கள். ஆல்டர்னேட்டர் இறுகிப்போனால் அது மட்டும் முறிந்துகொண்டு எஞ்சினின் பல்லைக் காப்பாற்றும்.

குறை என்னவென்றால் வேகம். முன்பக்கத்தில் பெல்ட்டில் ஓடும் 60 ஆம்பியர் முக்கிய ஆல்டர்னேட்டர், சின்ன புல்லியின் புண்ணியத்தில் எஞ்சினைப்போல மூன்று மடங்குக்கு மேல் சுழலும். பின்பக்கத்து இடம் எஞ்சினைப்போல 1.3 மடங்குதான். எஞ்சின் 2,400 சுற்று என்றால் இங்கே 3,120. மெதுவாகச் சுழன்றால் கிடைப்பது குறைவு. அதிகம் வேண்டுமென்றால் இரும்பும் செம்பும் அதிகம் வேண்டும், எடை ஏறும். ஆகவே கடையில் இரண்டு வகை. ஒன்று, கன்சாஸ் மாநிலத்தில் நியூட்டன் நகரத்து பி அண்ட் சி கம்பெனியின் எஸ்.டி.-8 போன்ற நிரந்தரக் காந்த டைனமோ. எட்டு ஆம்பியர். ஒன்றரை கிலோகூட வராது. பிரஷ் கிடையாது, ஃபீல்டு சுருள் கிடையாது. இன்னொன்று, 20, 30 ஆம்பியர் தரும் பெரியவை. எடையும் விலையும் அதற்கேற்ப ஏறும்.

மாப்பிள்ளைக்குப் பெரியது. எனக்குச் சின்னது. அங்கே ஆரம்பித்தது.

“மாமா, எட்டு ஆம்பியரில் என்ன ஓடும்? ஒரு குக்கர்கூட வைக்க முடியாது” என்றார்.

“குக்கரை யார் மாப்பிள்ளை மேலே கொண்டுபோகச் சொன்னா? வீட்டுல இன்வெர்ட்டர் போடறப்போ என்ன செய்யறோம்? ரெண்டு ஃபேன், நாலு லைட், அவ்வளவுதானே. ஃபிரிஜ்ஜை அந்த லைன்ல போடறோமா?”

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. நம் ஊர் வீடுகளில் ‘இன்வெர்ட்டர் லைன்’ என்று தனியாக இழுப்பதை விமானக்காரர்கள் எசென்ஷியல் பஸ் என்கிறார்கள். பறந்து போய்ப் பத்திரமாக இறங்க எது எது வேண்டுமோ அது மட்டும் அதில். மற்றதெல்லாம் முக்கிய லைனில். முக்கிய லைன் செத்தால், ஒரு சுவிட்சைத் திருப்பி எசென்ஷியல் லைனுக்கு மட்டும் நேரடியாக பேட்டரியிலிருந்து கொடுத்துவிடலாம். அப்போது மாஸ்டர் கான்டாக்டரையும் அணைத்துவிடலாம். அந்தக் கான்டாக்டரின் சுருள் சும்மா பிடித்துக்கொண்டிருப்பதற்கே ஒரு ஆம்பியர்வரை தின்னும். எட்டில் ஒன்று என்பது சின்ன விஷயமில்லை.

பேசிப் பயனில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெட்டிகளின் மேல் அச்சடித்த கணக்கை நம்பாமல் ஒவ்வொன்றாக அளந்தோம். திரையும் அதன் சென்சார்களும் 3 ஆம்பியர். ஜி.பி.எஸ்.ஸும் ரேடியோவும், கேட்கும் நிலையில், ஒன்றரை. டிரான்ஸ்பாண்டர் ஒன்று. எலெக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றரை. சில்லறை விளக்குகள் அரை. ஆக ஏழரை. ரேடியோவில் பேசும் சில வினாடிகள் கூடும். அதை பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

“பாருங்க, எட்டுக்குள்ள அடங்கிடுச்சு” என்றேன்.

“பிட்டோ ஹீட்டரை விட்டுட்டீங்க மாமா.”

அதுதான் அவருடைய துருப்புச்சீட்டு. பிட்டோ என்பது இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய். எதிர்க்காற்றின் அழுத்தத்தை வைத்து விமானத்தின் வேகத்தைச் சொல்லும். பனி அடைத்தால் வேகம் தவறாகக் காட்டும். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் விமானம் 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்ததற்கு ஆரம்பமே பிட்டோ குழாய்கள் பனித் துகள்களால் சற்று நேரம் அடைபட்டதுதான். அதைச் சூடாக்கும் ஹீட்டர் எங்கள் அளவில் 10 ஆம்பியர் இழுத்தது. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு!

என் பதில் தயாராக இருந்தது. ஹீட்டரோடு தேவை பதினேழரை. டைனமோ எட்டு தருகிறது. பாக்கி ஒன்பதரையை பேட்டரி தரட்டும். நல்ல பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். டேட்டனுக்கும் சிகாகோவுக்கும் நடுவில் எங்கிருந்தாலும் இருபது நிமிடத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. தவிர, இறக்கையில் படியும் பனியை உருக்க எந்த ஏற்பாடும் இல்லாத இந்த விமானம் பனிபடியும் மேகத்துக்குள் போகவே கூடாது. போகக்கூடாத இடத்தில் மணிக்கணக்காக இருப்பதற்கு எதற்கு 30 ஆம்பியர்?

இன்னொரு பயமும் இருந்தது. அதை மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லத் தயங்கினேன். எட்டு ஆம்பியர் வைத்திருப்பவன், முக்கிய ஆல்டர்னேட்டர் போனதும் பக்கத்து ஊரில் இறங்குவான். முப்பது வைத்திருப்பவன், “அதான் எல்லாம் ஓடுதே” என்று சிகாகோ வரை போவான். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, பஞ்சரான டயரை ஒட்டாமலேயே மாதக்கணக்கில் கார் ஓட்டுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

அவர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. “மாமா, நீங்க கணக்கு போடறது இந்த மேஜையில. அங்கே மேகத்துக்குள்ள, கண்ட்ரோலர் காதில் பேசிட்டிருப்பார், பின் சீட்டுல குழந்தை அழும். அப்போ எந்த சுவிட்சை அணைக்கிறது, ஹீட்டர் எத்தனை நிமிஷம்னு நான் யோசிக்கக் கூடாது. ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கணும். நான் ஓட்டறதை மட்டும் பார்க்கணும்” என்றார். ஓட்டப்போகிறவர் அவர். நான் ஓட்டியதெல்லாம் ஒரு ஸ்கூட்டரும் ஒரு மாருதியும்.

இத்தனைக்கும் என் மகள் ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் இரவு சாப்பாட்டின்போது கேட்டாள்: “ரெண்டுமே போயிடுச்சுன்னா எத்தனை நிமிஷம்?” நாங்கள் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டா முப்பதா என்ற சண்டையில் அந்த எண்ணை இருவருமே அளக்கவில்லை. “அப்பா, அந்த நம்பர் தெரியாம நான் குழந்தையைக் கூட்டிட்டு ஏற மாட்டேன்” என்றாள். கோபம் இல்லை, ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

கடைசியில் 30 ஆம்பியர்தான் வாங்கினார்கள். எனக்கு இன்னமும் முழுச் சம்மதமில்லை. மூக்குப் பக்கம் கூடிய எடை பற்றி ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளை மரியாதையாக வாங்கி ஃபைலில் வைத்தார்.

ஆனால் ஒயரிங்கை என்னிடம் விட்டார். இந்த விஷயத்தில் அளவைவிட முக்கியமானது, இரண்டாவது ஆல்டர்னேட்டரின் மின்சாரம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான். முதலாவதின் ஒயர் போகிற அதே டெர்மினலுக்கு, அதே ஃபியூஸ் வழியாக, அதே கிரவுண்டு போல்ட்டுக்குக் கொண்டுபோய் இரண்டாவதையும் முடுக்கினால், ஒரே ஒரு நட்டு தளர்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு வாங்கி இரண்டையும் ஒரே கொண்டியில் மாட்டிய கதை. இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ், தனித்தனி ரெகுலேட்டர், தனி கிரவுண்டு போட்டோம். ஒயர்கள் நெருப்புச் சுவரைத் தாண்டும் ஓட்டைகூட வேறு வேறு.

ரெகுலேட்டர் வைக்கும் விதம் அழகானது. முக்கிய ஆல்டர்னேட்டரை 14.3 வோல்ட்டில் வைப்பார்கள்; ஸ்டாண்ட்-பை ரெகுலேட்டரை ஏறக்குறைய 13இல். முதலாவது உயிரோடு இருக்கும் வரை லைனில் 14.3 இருக்கும், “எனக்கு வேலையில்லை” என்று இரண்டாவது தூங்கும். முதலாவது விழுந்ததும் வோல்டேஜ் இறங்கும். 13ஐத் தொட்டதும் இரண்டாவது விழித்துக்கொள்ளும், ஒரு விளக்கும் எரியும். நடுவில் பைலட் கையை அசைக்கத் தேவையில்லை. இரண்டிலும், ரெகுலேட்டர் பைத்தியம் பிடித்து வோல்டேஜ் 16ஐத் தாண்டினால் ஃபீல்டைத் துண்டிக்கும் காவலும் உண்டு. ஆல்டர்னேட்டர் சாவதைவிடக் கட்டுமீறி ஓடுவது மோசம். அத்தனை திரைகளையும் ஒரே மூச்சில் எரித்துவிடும்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன், ஓடுபாதை ஓரத்தில் எஞ்சினைச் சோதிக்கிறபோது, முக்கிய ஆல்டர்னேட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும், வோல்ட்மீட்டர் 13இல் நிற்க வேண்டும். தூங்குகிற சாதனம் செத்திருந்தால் வெளியே தெரியாது. மாதக்கணக்கில் வேலை செய்யாத ஸ்பேர் வேலை செய்யும் என்று நம்புவதற்கு எந்த எஞ்சினியரிங் காரணமும் கிடையாது. மாப்பிள்ளை அதைச் சரிபார்ப்புப் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

2023 ஏப்ரலில் விமானம் பறந்தது. முதல் 40 மணி நேரம் சோதனைக் காலம். சுற்றுலாவாக யாரையும் ஏற்றிக்கொள்ளக் கூடாது. பதினேழாவது மணியிலோ என்னவோ, ஒஹையோ சோளக்காடுகளுக்கு மேலே நல்ல வெயிலில், முக்கிய ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு பிரேக்கரை வேண்டுமென்றே இழுத்தார். 14.3, 13.6, 13.1, அங்கேயே நின்றது. விளக்கு எரிந்தது. ஹீட்டரைப் போட்டார், அசையவில்லை. இறங்கியதும் போபாலுக்கு போன் செய்தார். இங்கே அகால வேளை. “மாமா, தூங்கிட்டிருந்தீங்களா?” என்றார். தூங்கவில்லை.

மகள் கேட்ட எண் பாக்கி இருந்தது. அந்த ஆகஸ்டில் நான் போனபோது பேட்டரியைக் கழற்றி முழுசாகச் சார்ஜ் ஏற்றி, இரண்டு 55 வாட் ஹெட்லைட் பல்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தோம். ஏறக்குறைய 9 ஆம்பியர். எசென்ஷியல் லைன் கேட்பதைவிடக் கொஞ்சம் கூட. பேத்தி கடிகாரம் பிடித்தாள். வோல்ட்மீட்டர் 11க்கு இறங்கும்போது நிறுத்தச் சொல்லியிருந்தேன். 86 நிமிடம். பாதுகாப்புக்காகக் கழித்துக்கொண்டு, பேனலில் வோல்ட்மீட்டருக்குக் கீழே மகள் ஒரு லேபிள் ஒட்டினாள்: ‘60 நிமிடம்’. தமிழிலேயே எழுதினாள். சோதனை 60க்குக் கீழே காட்டினால் பேட்டரியை மாற்றிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வாரமே மூவரும் சிகாகோ போய்வந்தார்கள். பூசணிக்காய் அளவுக்கு ஒரு பொம்மையோடு குழந்தை திரும்பி வந்தாள்.

பல்புச் சோதனை இப்போது வருடாந்தரச் சடங்காகிவிட்டது. 2024 கோடையில் 79 வந்தது. 2025இல் 71. அடுத்த தடவை போகும்போது புது பேட்டரி வாங்கி வைத்துவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்கிறார். அளந்து பார்த்துவிட்டு வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.